காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவது ஆள்

அந்தக் கோடை முழுக்க என்னைப் பார்த்தவர்கள் "சாப்பிட்டியா?" என்று கேட்பதை மறந்துவிட்டார்கள். "சான்ஸ் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டார்கள். கொரட்டூரில் நாங்கள் குடியிருந்த மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி, தெருமுனையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் நாலு பேருக்காவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். நானும் சளைக்காமல் ஒவ்வொருவருக்கும் ஒரு சதவீதம் சொல்வேன். காலையில் எழுபது என்று சொன்ன வாய் சாயங்காலம் முப்பது என்று சொல்லும். நடுவில் எதுவுமே நடந்திருக்காது.

விஷயம் இதுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு சேரக்கூடிய ஐந்து வருட மேலாண்மைப் படிப்பு வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் கேட்பவர்கள் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்கள், அப்படிப்பட்ட கல்லூரி. நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் தேர்வு எழுதுவார்கள். கடைசியில் எடுப்பது ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் பந்தியில் உட்காருகிறவர்கள் அளவுக்குத்தான். அந்தப் பந்தியில் எனக்கு ஓர் இலை வேண்டும் என்று பதினோராம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஏன் அந்த ஆசை என்று நேர்முகத் தேர்வில் கேட்டபோது அழகாக ஏதோ சொன்னேன். உண்மையான காரணம் கோபம். எங்கள் குடியிருப்பில் பாதிப்பேர் மென்பொருள் வேலைக்காரர்கள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு நான் வணிகவியல் பிரிவு எடுத்ததும், மின்தூக்கியில் ஏறும்போதெல்லாம் யாராவது ஒருவர் துக்கம் விசாரிக்கிற குரலில் "ஏம்மா, மார்க் இருந்தும் காமர்ஸா?" என்பார். அவர்கள் வாயை அடைக்க எனக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அப்படி ஆரம்பித்ததுதான். போகப்போக அந்தப் படிப்பின் மேலேயே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, அது வேறு கதை.

பயிற்சி வகுப்பெல்லாம் கைபேசியில்தான். வகுப்பெடுத்தவர் பாதி ஆங்கிலம், பாதி இந்தி. கணக்கு புரியும், அவர் அடிக்கும் ஜோக் புரியாது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்துகொண்டேதான் கேட்பேன். உட்கார்ந்தால் எனக்கு மண்டையில் ஏறாது. என் நடை சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கிறது என்று இரண்டு முறை புகார் வந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னாள். சித்திரை வெயிலில் தளம் கொதிக்கும். வேகமாக நடந்தால் சுடாது என்று கண்டுபிடித்தேன்.

எழுத்துத் தேர்வு நன்றாகவே போனது. நேர்முகத் தேர்வு கணினி வழியாக நடந்தது. அம்மாவின் தூங்கும் அறையில், சுவரில் ஒரு வெள்ளைப் போர்வையைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். "உங்கள் பகுதியில் ஒரு தொழில் தொடங்குவதென்றால் என்ன தொடங்குவீர்கள்?" என்று ஒருவர் கேட்ட அதே நொடியில் கீழே தண்ணீர் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. தயாரித்து வைத்திருந்த பதில் மொத்தமும் மறந்துபோய், "தண்ணீர் லாரி" என்று சொல்லிவிட்டேன். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா, அதற்கு எத்தனை மதிப்பெண் போட்டிருப்பார்கள் என்று எத்தனையோ நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

தேர்வெழுதிய பிள்ளைகளுக்கென்று கைபேசியில் ஒரு குழு இருந்தது. யாரையும் யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் தங்கள் மதிப்பெண்களை வரிசையாகப் போட்டுவிட்டு, கீழே "வாய்ப்பு உண்டா?" என்று கேட்பார்கள். அவர்களைப் போலவே எதுவும் தெரியாத இன்னொரு பிள்ளை "கண்டிப்பாக உண்டு" என்றோ "கஷ்டம்தான்" என்றோ தீர்ப்பு சொல்லும். நானும் கேட்டேன். ஒருவன் கண்டிப்பாகக் கிடைக்கும் என்றான். அவனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அடுத்த நாள் பார்த்தால் அவன் எல்லோருக்கும் அதையே சொல்லியிருந்தான்.

முடிவு வந்தது. தேர்வாகவும் இல்லை, தோற்கவும் இல்லை. காத்திருப்போர் பட்டியல். இருபத்தாறாவது எண்.

அம்மா ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தாள். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டில் ஒன்றைச் சொல்லி அனுப்பிப் பழகியவள். "அது என்னடி முடிவு? வா-ன்னும் சொல்லல, போ-ன்னும் சொல்லல" என்று எரிச்சல்பட்டாள். அப்பாவோ முகமெல்லாம் மலர்ந்து, "வெயிட்டிங் லிஸ்ட்டா? அட, இது நம்ம சப்ஜெக்ட்டுல்லா!" என்றார்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்கிற ஒரு நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருந்தார். ஆனால் கொரட்டூர், வில்லிவாக்கம், பாடி வட்டாரத்தில் குடியேறிய எங்கள் ஊர்க்காரர்கள் மத்தியில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "அண்ணாச்சி, நூத்தி நாப்பது காட்டுது. ஏறுமா?" அப்பா எந்த ரயில், எந்தக் கிழமை, எந்த ஸ்டேஷன் கோட்டா என்று கேட்பார். கண்ணை மூடி யோசிப்பார். "வச்சிக்கிடுங்க, கன்ஃபார்ம் ஆயிரும்" என்பார். அல்லது "ரத்து பண்ணிட்டு பஸ்ஸைப் பாருங்க" என்பார். சொன்னது சொன்னபடி நடக்கும். ஆவடியிலிருந்து ஒருவர் இதற்காகவே ஒரு டப்பா அல்வா கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

ஆகவே என் இருபத்தாறாவது எண் அப்பாவின் கையில் போய்ச் சேர்ந்தது. அவர் அதை முழுக்க ரயில் கணக்காகவே எடுத்துக்கொண்டார். "இந்தப் பிள்ளைங்கள்லாம் நாலஞ்சு இடத்துல அப்ளை பண்ணியிருக்கும். பொங்கலுக்கு மூணு வண்டியில டிக்கெட் போட்டு வைக்கோம்ல, அது மாதிரி. ஒண்ணு கன்ஃபார்ம் ஆனதும் மத்ததை ரத்து பண்ணும். அப்போ நம்ம நம்பர் சரசரன்னு இறங்கும், பாரு." 

அவர் சொன்ன மாதிரியேதான் இறங்கியது. முதல் சுற்றில் இருபத்தாறு பதினொன்று ஆனது. அடுத்த சுற்றில் பதினொன்று நாலு ஆனது. அப்பா அலுவலகத்திலிருந்து வரும்போதே படியில் இரண்டிரண்டாக ஏறி வந்தார். கொள்முதல் பிரிவு மொத்தமும் என் எண்ணைத் தெரிந்துவைத்திருந்தது. கைபேசிக் குழுவில் யாரோ ஒருவர் "நான் விலகிக்கொள்கிறேன், வேறிடம் கிடைத்துவிட்டது" என்று எழுதினால் அப்பா அந்த முகம் தெரியாத பிள்ளையை வாழ்த்துவார். நானும் வாழ்த்தினேன். மனதுக்குள் இன்னும் விலகாதவர்களைத் திட்டினேன். போயேன், உனக்குத்தான் நல்ல மார்க் இருக்கிறதே, வேறெங்காவது போய்த் தொலையேன்.

இதற்கிடையில் சென்னைக்குள் ஒரு நல்ல கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்திருந்தது. அதுவும் லேசில் கிடைக்கிற இடமில்லை. பணமெல்லாம் கட்டியாகிவிட்டது. ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைக்குள் பள்ளியில் கொடுத்த அசல் மாற்றுச் சான்றிதழை, அதாவது டி.சி.யை, அங்கே ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காதவர்களின் இடம் அந்தக் கல்லூரியின் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்குப் போய்விடும். மேலாண்மைக் கல்லூரியும் அசல் டி.சி.யைத்தான் கேட்டது. அவர்களின் கடைசிச் சுற்று அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வாரம்.

டி.சி. என்பது ஒரே ஒரு தாள். இரண்டு இடத்தில் கொடுக்க முடியாது. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரின் மகன் ஒரு கல்லூரியில் டி.சி. கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க ஒரு மாதம் நாயாய் அலைந்த கதை எங்கள் வீட்டில் பலமுறை சொல்லப்பட்டது. மேலாண்மைக் கல்லூரியோ இடம் கொடுத்தால் சில நாட்களுக்குள் வந்து சேர் என்று சொல்கிற ரகம்.

வெள்ளிக்கிழமைக்கு நாலைந்து நாள் முன்னால் இன்னொரு சுற்று வந்தது. நாலு இரண்டானது.

"இரண்டு" என்பது என்ன எண் என்று அந்த நாட்களில் யோசித்த அளவுக்கு வேறெதையும் நான் யோசித்ததில்லை. முன்னால் ஒரே ஒரு ஆள். நாடு முழுவதிலும் இரண்டே இரண்டு பேர் மனம் மாறினால் போதும். அப்பா தீர்ப்பே எழுதிவிட்டார். "கடைசிச் சார்ட் போடும்போதுதான் நிறைய நகரும். அதுவரைக்கும் பிடிச்சு வச்சிருக்க கோட்டா இடமெல்லாம் அப்பத்தான் விடுவான். ரெண்டாம் நம்பர்லாம் கன்ஃபார்ம் மாதிரிதான் பிள்ள. நான் நூத்தி நாப்பதையே ஏத்தி அனுப்பியிருக்கேன்."

அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ரயில்ல கடைசியில ரத்து பண்றவன் வேற வண்டியில போறான். இதுல கடைசி வரைக்கும் ரத்து பண்ணாதவன் எதுக்கு ரத்து பண்ணப் போறான்? அவன் பெட்டி கட்டியாச்சு" என்றாள். "டி.சி.யைக் கொண்டுபோய்க் கொடு. அப்புறம் கிடைச்சா, நான் போய் அந்தக் காலேஜ் வாசல்ல உட்கார்ந்து வாங்கிட்டு வரேன்."

அதுதான் சரியான கணக்கு. இன்றைக்குத் தெரிகிறது. ஆரம்பத்தில் வேகமாக நகர்ந்ததற்குக் காரணமே, போக வேண்டியவர்கள் எல்லாம் ஆரம்பத்திலேயே போய்விட்டதுதான். ரயிலுக்கு நாள் நெருங்க நெருங்கப் பட்டியல் வேகமெடுக்கும். இது நாள் நெருங்க நெருங்க உறைந்துபோகும். இத்தனை பொங்கலுக்கு ஊர் போய் வந்த குடும்பத்துக்கு அது உறைக்கவில்லை. அன்றைக்கு அம்மா சொன்னதை நானும் அப்பாவும் சேர்ந்து கேலி செய்தோம்.

கேலி செய்தாலும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொரட்டூர் ஏரிக்கரை நடைபாதையில் போய் நடந்தேன். நாலு சுற்று நடந்தால் கிடைக்கும், எதிரே நீலச் சட்டைக்காரர் வந்தால் கிடைக்கும் என்றெல்லாம் எனக்கு நானே பந்தயம் கட்டினேன். தோற்றால் பந்தயத்தை மாற்றிக்கொண்டேன். சாப்பாடு இறங்கவில்லை. டி.சி.யை எடுத்துப் பையில் வைப்பேன், திரும்ப அலமாரியில் வைப்பேன். அப்பா ஒருநாள், "அதைத் தூக்கிட்டே அலையாத, கசங்கிரும்" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வந்தாள்.

அவள் என் வகுப்புத் தோழி. ஏரிக்குப் பின்பக்கத் தெரு. அவள் குடும்பம் அந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் ஒரு காலத்தில் கூலிக்கு நட்டவர்கள். வயலெல்லாம் மனைகளான பிறகு அவள் அப்பா பாடியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்துவிட்டார். கணக்குப்பதிவியலில் என்னைவிட அவள் கெட்டி. அதே சென்னைக் கல்லூரியில் அதே பி.காம்.முக்கு அவளும் விண்ணப்பித்திருந்தாள். ஒரு மதிப்பெண் குறைவால் காத்திருப்புப் பட்டியலில் நின்றாள். எனக்கு அடுத்த ஆள். முதல் எண். அது எனக்கு முன்பே தெரியும். ஆனால் என் பட்டியலைப் பற்றி யோசித்த மும்முரத்தில் அவள் பட்டியலைப் பற்றி ஒரு நொடிகூட யோசித்திருக்கவில்லை.

வீட்டுக்குள் வரமாட்டேன் என்று மூன்றாவது மாடிப் படியிலேயே நின்றுகொண்டாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"இன்னாடி, டி.சி. குடுத்துட்டியா?"

"இல்ல."

"குடுக்காதன்னு சொல்ல வர்ல. அது உன் இஷ்டம். குடுக்கப்போறியா இல்லியான்னு மட்டும் சொல்லு. எனக்கு ஆவடி தாண்டி ஒரு காலேஜ்ல எடம் கீது. அங்கியும் நாளிக்குத்தான் கடசி நாள். ஒரே டி.சி. வச்சிகினு நான் எங்கன்னு குடுக்கறது?"

அவளே தொடர்ந்தாள். "நைனா நீ கண்டிப்பா போயிடுவன்றாரு. எனக்கு அப்டி தோணல. நான் அறுவது நாப்பதுன்னு வச்சிகினு கீறேன். நேத்து எயுவது இருந்துச்சு. அப்பால உங்க அம்மா கடையில யார்கிட்டயோ டி.சி. குடுக்கச் சொல்றேன்னு பேசிகினு இருந்தாங்களாம். அதான் கொறஞ்சி பூட்ச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே அது அடங்கிவிட்டது. யாரோ ஒரு வெளிமாநிலப் பிள்ளை எந்த ஊரில் எந்த வீட்டில் உட்கார்ந்து என்ன முடிவெடுக்கும் என்று நான் இத்தனை நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்தெருவில் ஒருத்தி என்னையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். என் அம்மா கடையில் பேசினது வரை அவள் கணக்கில் ஏறியிருக்கிறது. நான் திட்டிய அந்த முகம் தெரியாத பிள்ளை அவளுக்கு நான்தான். ஆனால் அவள் திட்டவில்லை. படியேறி வந்து கேட்டாள்.

"நான் சேரல" என்று சொன்னேன்.

"நெசமாவா? நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு. உனக்கு இன்னும் எடம் வர்லியே?"

"ரெண்டாவது நம்பர்டி. வந்துரும். நீ போய்ச் சேரு."

அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, தடதடவென்று இறங்கி ஓடினாள். சொன்ன அந்த நொடியில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. கொடுப்பதா, வேண்டாமா என்ற அரிப்பு நின்றது. உள்ளே வந்து ஒரு தட்டுச் சோறு முழுக்கச் சாப்பிட்டேன்.

அம்மா கத்தினாள். ஒருத்தியிடம் சொல்லிவிட்டால் ஆயிற்றா, காலையில் போய் நீ டி.சி.யைக் கொடு, அவளுக்கு நான் சமாதானம் சொல்கிறேன் என்றாள். அப்பா, "விடு, எப்படியும் கிடைச்சிரும். நல்ல மனசோட செஞ்சிருக்கா" என்றார். வெள்ளிக்கிழமை முழுவதும் நான் வீட்டைவிட்டு நகரவில்லை. மறுநாள் அவள் சென்னைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்தது.

அடுத்த வாரம் கடைசிச் சுற்று வந்தது. ஒரே ஒருவர்தான் விலகியிருந்தார். இரண்டு ஒன்றாகி அங்கேயே நின்றது. "இத்துடன் இவ்வாண்டுச் சேர்க்கை முடிவடைகிறது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் நாலு வரி. தொடர்ந்து ஆர்வம் காட்டியதற்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

அப்பா அந்த மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஏதோ தப்பு நடந்திருக்கும் என்று கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசினார். அவருடைய ஆங்கிலம் அவசரத்தில் திக்கியது. மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகப் பதில் சொன்னார் போல. வைத்த பிறகு, "ஒரே ஒரு ஆளு, பிள்ள. ஒரே ஒரு ஆளு" என்று சொல்லிக்கொண்டே அறையைச் சுற்றி வந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. எனக்காக நான் எதுவும் உணரவில்லை, மரத்துப்போயிருந்தேன். அம்மா "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்வாள் என்று பயந்து காத்திருந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை. மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு, என் டி.சி.யை எடுத்துக்கொண்டு, ஆவடிக்கு அந்தப் பக்கம் தோழி வேண்டாமென்று விட்ட கல்லூரிக்குப் போனாள். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. அதில் என்னைச் சேர்த்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, அப்பாவாகத்தான் இருக்கும். நான் தோழிக்காக இடத்தை விட்டுக்கொடுத்தேன் என்று குடியிருப்பு முழுக்கப் பரவியது. "ஏம்மா காமர்ஸ்?" என்று கேட்ட அதே மின்தூக்கியில் இப்போது "இந்தக் காலத்துல யாரும்மா இப்படிச் செய்வா" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் என் ஆசிரியை கண் கலங்கினார். முதலில் மறுக்கலாமென்று வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். இடம் கிடைக்காதவள் என்பதைவிட இடத்தைக் கொடுத்தவள் என்பது எவ்வளவோ மேலாக இருந்தது. ஆவடிப் பக்கம் போகிற ரயிலில் நின்றுகொண்டு போகும்போது அதை நினைத்துக்கொள்வேன். நாளாக ஆக, நான் அப்படித்தான் செய்தேன் என்று நானே நம்பத் தொடங்கினேன். அந்த மேலாண்மைக் கல்லூரியை நினைத்தால்கூட வலிக்கவில்லை.

தோழியைப் பார்ப்பது குறைந்துபோனது. அவளுக்கு ஒரு திசை ரயில், எனக்கு எதிர்த்திசை. செய்தி அனுப்பினால் உடனே பதில் போடுவாள், ஆனால் சுருக்கமாக. கல்லூரி எப்படி இருக்கிறது என்று கேட்டால் "பரவால்ல" என்பாள். அவ்வளவு நல்ல கல்லூரியில் சேர்ந்துவிட்டு ஒரு சந்தோஷத்தைக்கூட என்னிடம் காட்டிக்கொள்ள மாட்டாள். எனக்கு அது உள்ளூரக் கடுப்பாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு என்னைப் பாடிக்கு அழைத்தாள். அவள் அப்பா வேலை பார்க்கும் பட்டறையில் வருஷா வருஷம் தொழிலாளர் குடும்பங்களையெல்லாம் கூப்பிட்டுப் பூஜை போடுவார்கள். லேத் இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை போட்டிருந்தார்கள். எண்ணெய் வாடையும் சாம்பிராணிப் புகையும் ஒன்றாகக் கலந்து வந்தது. வாசலில் பூசணிக்காய் உடைத்த இடத்தை வண்டிகள் மிதித்துக்கொண்டு போயின. கையில் பொரியும் பொட்டுக்கடலையும் கொடுத்தார்கள்.

அவள் அப்பா என்னைப் பார்த்ததும் கூட இருந்தவர்களை அழைத்தார். "அண்ணாத்தே, இங்க வா. நான் சொல்லிகினு இருந்தேனே, நம்ம பொண்ணுக்கு எடத்தை உட்டுக் குடுத்த புள்ள, இதான். சொந்த அக்காகூட செய்ய மாட்டா." என்னிடம் திரும்பி, "நீ நல்லா இருக்கணும் கண்ணு" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. தோழி தலையைக் குனிந்துகொண்டு பொரியில் இருந்த கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு என் முழங்கையைப் பிடித்து வெளியே தெருவுக்கு இழுத்து வந்தாள். மேம்பாலத்துக்குக் கீழே பேருந்துகள் திரும்புகிற சத்தத்தில் அவள் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். அன்னிக்கு எனக்கோசரம்தான் உட்டியா?"

நன்றி சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது, எப்படிப் பெருந்தன்மையாகச் சிரிப்பது என்பதுகூடத் தயாராக இருந்தது. ஆனால் அவள் முகத்தில் நன்றி இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இளைத்திருந்தாள்.

"எதுக்குக் கேக்கற?"

"கிளாஸ்ல உக்காந்தா மண்டையில ஒண்ணும் ஏற மாட்டேங்குதுடி. இது அவளுது, இது அவளுதுன்னே தோணுது. ஒரு டெஸ்ட்ல மார்க் கொறஞ்சா, அய்யோ அவ இருந்தா வாங்கியிருப்பாளேன்னு தோணுது. ஊட்ல தெனிக்கும் நைனா உன் பேச்சுதான். நின்னுட்லாமான்னுகூட பாத்தேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உள்ளே இருக்கிற எல்லோரும் அதைத்தான் நம்புகிறார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"இல்லடி" என்றேன். "எனக்குக் கிடைச்சிரும்னு நினைச்சுத்தான் விட்டேன். கிடைக்காதுன்னு தெரிஞ்சிருந்தா உனக்கு விட்டிருக்கவே மாட்டேன். நீ படியில நின்னு அழுதிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, நெஞ்சில் கை வைத்து, நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அப்பாடா" என்றாள். "நானா இருந்தாலும் உட்டிருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பழையபடி, வகுப்பில் சிரிக்கிற மாதிரி, வாய் நிறைய. கையிலிருந்த பொரியை ஒரே அள்ளாக வாயில் போட்டுக்கொண்டு, பேராசிரியர்கள் யார் யார், எந்த வகுப்பு நன்றாக இருக்கும், கேன்டீனில் என்ன கிடைக்கும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல ஆரம்பித்தாள். இத்தனை மாதமும் அடக்கி வைத்திருந்தவள். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ஆளில் போய்விட்டதே என்று நடுத்தெருவில் நின்று அழுதேன். அந்த மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து நான் அதற்காக அழுதது அதுதான் முதல் தடவை.